சந்தையில் பிறந்த இசை

கலையைச் சமுதாயத்தின் விளைபொருளாகக் காணும் பயிற்சி நம்மிடையே நன்கு வேரூன்றிவிட்டது. ஒரு காப்பியத்தையோ ஓவியத்தையோ இசை வடிவத்தையோ எடுத்துக்கொண்டு, அது எந்த உற்பத்தி உறவுகளின் மத்தியிலே தோன்றிற்று, எந்த வர்க்கத்தின் தேவையை நிறைவு செய்தது, யாருடைய செலவில் வளர்ந்தது என்று விளக்குவது இன்று மாணவர்க்கும் கைவந்த காரியம். ஆயின் அவ்விளக்கம் முடிவடையும் இடத்திலேதான் இன்னுமொரு வினா எழுகின்றது. கார்ல் மார்க்ஸ் 1857ஆம் ஆண்டில் எழுதித் தம் வாழ்நாளில் வெளியிடாது விட்ட முன்னுரை ஒன்றிலே அவ்வினாவை எழுப்பினார். கிரேக்கக் கலை குறிப்பிட்டதொரு சமுதாய வளர்ச்சிக் கட்டத்தோடு பிணைந்தது என்பதை விளங்கிக்கொள்வது சிரமமன்று. அச்சமுதாயம் மறைந்த பின்னரும் அக்கலை நமக்கு இன்பம் பயப்பது ஏன் என்பதே சிரமமான வினா என்றார். மனிதகுலத்தின் குழந்தைப் பருவம் நம்மைக் கவர்வதுபோல அது கவர்கின்றது என்று அவர் கூறிய விடை, வினாவின் ஆழத்துக்கு ஈடானதன்று என்றே நாம் கருதுகிறோம். அம்முன்னுரையும் அவ்விடத்தோடு நின்றுவிடுகின்றது.

இவ்வினாவை ஹோமரை வைத்து ஆராய்ந்தோர் பலர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அத்துணைப் பெருமை சாலாத ஒரு பொருள். ஏறத்தாழ 1935 தொடக்கம் 1946 வரை ஐக்கிய அமெரிக்காவில் ஆதிக்கம் பெற்றிருந்த 'சுவிங்' என்னும் பெருங்குழு நடன இசையே அது. கிரேக்கக் கலைக்குப் புராணம் நிலைக்களனாயிற்று. சுவிங் இசைக்கு நிலைக்களனாயிருந்தவை நடன மண்டபத்தின் நுழைவுச்சீட்டு, வானொலி விளம்பரம், இசைத்தட்டு, நாணயம் போட்டால் பாடும் தட்டுப்பெட்டி ஆகியவை. உச்சி முதல் உள்ளங்கால் வரை அது ஒரு விற்பனைப் பண்டம். அத்தகைய பண்டத்தின் இலக்கணம் விரைவிற் பழசாகி, அடுத்த பருவத்துப் பண்டத்துக்கு வழிவிடுதல். அவ்விலக்கணத்தின்படி 1947இல் இவ்விசை குப்பையிற் சேர்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் சென்ற பின்னரும் பதினாறு வயது மாணவர் அதை வாசிக்கக் கற்கின்றனர். ஸ்ரொக்ஹோமிலும் சியோலிலும் இளைஞர் அதற்கு ஆடுகின்றனர். இது ஏன்? இதனோடு ஒட்டிப் பிறக்கும் இன்னொரு வினாவும் உண்டு. அநீதியான உறவுகளுக்குள்ளே ஆக்கப்பட்ட ஓர் இன்பத்தை நாம் கூச்சமின்றி நுகர்வது தகுமா? முன்னையது அழகியலுக்கும் பின்னையது அறவியலுக்கும் உரியன போலத் தோன்றும். இரண்டும் பிரிக்கவியலாதவாறு பின்னியவை என்பதே நமது எண்ணம்.

இசையின் இயல்பைச் சிறிது கூறிவிடுதல் நன்று. பெருங்குழு என்பது பெரும்பாலும் 13 முதல் 16 வரையான கலைஞரைக் கொண்டது. ட்ரம்பெற்றும் ட்ரொம்போனும் சேர்ந்த பித்தளைக் குழற் பிரிவு ஒன்று. சக்சபோன்களும் கிளாரினெற்றும் சேர்ந்த நாணற் குழற் பிரிவு ஒன்று. பியானோ, கிற்றார், பேஸ், ட்ரம் ஆகிய நான்கும் சேர்ந்த தாளப் பிரிவு ஒன்று. ஒரு பிரிவு கேட்க மறு பிரிவு விடையிறுக்கும். நமது கூத்திலே அண்ணாவியார் அடியெடுத்துக் கொடுக்கப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவதை அறிந்தவர்க்கு இம்முறை விளங்கும். ஆனால் இதன் வேர் அமெரிக்கத் தென்மாநிலங்களிலே கறுப்பின மக்கள் வயலிலும் தேவாலயத்திலும் பாடிய பாட்டுகளில் உள்ளது. நான்கு அடிகள் கொண்ட தாளத்தில் ஒவ்வோர் அடியும் இரண்டாகப் பிளக்கும்போது முற்பாதி சற்றே நீண்டும் பிற்பாதி சற்றே குறுகியும் ஒலிக்கும். எவ்வளவு நீட்சி, எவ்வளவு குறுக்கம் என்பதை இசைக்குறியீட்டிலே எழுத முடியாது. வேகத்துக்கேற்ப, குழுவுக்கேற்ப, ஆளுக்கேற்ப அது மாறும். பதினைந்து பேரும் அதனை ஒரே வகையாக உணர்ந்தாலன்றி இசை நொண்டும். தாளிலே எழுதவியலாத இந்த உடன்பாட்டுக்குத்தான் சுவிங் என்று பெயர். இதனை நாம் பின்னர் மீட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இவ்வடிவத்தை வகுத்தவருள் முதன்மையானவர் பிளெச்சர் ஹென்டர்சன். 1897இல் ஜோர்ஜியா மாநிலத்தின் கத்பேர்ட் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். அட்லான்ரா பல்கலைக்கழகத்திலே இரசாயனம் பயின்றவர். 1920இல் நியூயோர்க் சென்றபோது அத்துறையிலேயே தொடர எண்ணினார். கறுப்பினத்தவருக்கு அக்கதவு ஏறக்குறைய அடைபட்டிருந்தது. பியானோ வாசிக்கத் தெரிந்திருந்தமையால் இசைப் பதிப்பு நிறுவனத்தில் வேலை பெற்றார். பின்னர் குழுத் தலைவரானார். 1924இல் அவரது குழு ரோஸ்லாந்து நடன மண்டபத்தில் அமர்ந்தது. அம்மண்டபத்தில் ஆடுவோர் வெள்ளையர். கறுப்பினத்தவர் வாசிக்கலாம், ஆடுதல் இயலாது. அவ்வாண்டிலேயே லூயி ஆம்ஸ்ட்ரோங் அக்குழுவிற் சேர்ந்து, ஓராண்டு மட்டுமே தங்கினார். தாளத்தை நெகிழ்த்தித் தனியிசை வாசிப்பது எங்ஙனம் என்பதை அவர் அக்குழுவுக்குக் கற்பித்துச் சென்றார் எனலாம். குழுவின் சக்சபோன் கலைஞரும் இசையமைப்பாளருமான டொன் ரெட்மன், பித்தளைப் பிரிவையும் நாணற் பிரிவையும் எதிரெதிரே நிறுத்தி உரையாட வைக்கும் முறையை உருவாக்கினார். 1935இல் உலகம் புதுமை எனக் கொண்டாடியது 1920களிலேயே ஆக்கப்பட்டுவிட்டது.

பின் நிகழ்ந்ததை நமது வாசகர் ஊகித்துக்கொள்வர். பொருளாதார மந்தம் இசைத்தட்டுத் தொழிலை நொறுக்கிற்று. 1927இல் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள் 1932இல் சுமார் 60 இலட்சமாகச் சுருங்கின. ஹென்டர்சனின் குழு 1934இல் கலைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நஷனல் பிஸ்கற் கொம்பனி தனது புதிய பிஸ்கற்றை விற்பதற்காக வானொலியில் மூன்று மணித்தியால நடன இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கிற்று. அதில் வாசித்த மூன்று குழுக்களுள் ஒன்று பெனி குட்மன் குழு. நிகழ்ச்சிக்கு வாரந்தோறும் புதிய உருப்படிகள் தேவைப்பட்டன. ஹென்டர்சன் தம் இசையமைப்புகளை அவருக்கு விற்றார். கிழக்கு மாநிலங்களில் அந்நிகழ்ச்சி நள்ளிரவை ஒட்டி ஒலித்தது. மேற்குக் கரையிலோ நேர வேறுபாட்டினால் அது முன்னிரவிலேயே கேட்டது; இளைஞர் விழித்திருந்து கேட்டனர். 1935 ஓகஸ்ற் 21ஆம் நாள், தோல்வி மேல் தோல்வி கண்ட பயணத்தின் இறுதியில் குட்மன் குழு லொஸ் ஏஞ்சலிஸ் பலோமர் மண்டபத்தில் ஹென்டர்சனின் உருப்படிகளை எடுத்தபோது கூட்டம் ஆர்ப்பரித்ததற்குக் காரணம் இந்த நேரக் கணக்கேயாகும். சரித்திர நூல்கள் அன்றைய இரவையே சுவிங் யுகத்தின் பிறப்பு என்கின்றன. குட்மனுக்குச் 'சுவிங் மன்னன்' எனும் பட்டம் கிடைத்தது. ஹென்டர்சன் 1939இல் அம்மன்னனின் குழுவிலே சம்பளத்துக்குப் பியானோ வாசித்தார். 1950இல் பக்கவாதத்தால் வீழ்ந்து, 1952 இறுதியிற் காலமானார்.

இக்கதையைத் திருட்டுக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் குட்மன் யார்? சிக்காகோவின் சேரிப்பகுதியிலே வறிய யூதக் குடியேறிகளுக்குப் பிறந்த பன்னிரு பிள்ளைகளுள் ஒன்பதாமவர். தமது இசையின் மூலம் ஹென்டர்சனே என்பதை அவர் மறைத்ததுமில்லை. 1936இல் கறுப்பினப் பியானோ கலைஞரான ரெடி வில்சனையும், பின் லயனல் ஹம்ப்ரனையும் தம்மோடு பகிரங்கமாக மேடையேற்றினார். அக்காலத்தில் அது பணத்தையும் பெயரையும் பணயம் வைக்கும் செயல். தனிமனிதர் தீயவராதல் வேண்டியதில்லை. நல்லவர் ஒருவர் விலை கொடுத்து வாங்கியபோதும் பயன் ஒரு பக்கமாகவே ஒழுகியது. கவுண்ட் பேசி 1937 தொடக்கத்திலே டெக்கா நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 24 இசைத்தட்டுப் பக்கங்கள், 750 டொலர், விற்பனையிற் பங்கில்லை என்பது. பேசிக்கு அந்நாளில் ஒப்பந்தங்களின் நுணுக்கம் தெரியாது. நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். இவ்விசை நிலைத்தமைக்குப் பலரும் கூறும் காரணம் பழைய நினைவின் இனிமை. போர்க்காலத்திலே காதலித்து, போரிலே பிரிந்து, திரும்பி வந்தோ வாராமலோ போன ஒரு தலைமுறை தன் இளமையை இவ்விசையிலே கேட்டது என்பர். கிளென் மில்லர் 1944 டிசம்பர் 15ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயின் மேல் விமானத்தோடு மறைந்தமை இந்நினைவுக்கு மேலும் கண்ணீர் சேர்த்தது. அத்தலைமுறையைப் பொறுத்தவரை இவ்விளக்கம் சரியே. ஆனால் அத்தலைமுறை ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டது. பிறருடைய நினைவை எவரும் நினைவுகூர முடியாது. இன்று ஆடும் இளைஞர்க்கு 1938 என்பது பாடப்புத்தகத்து ஆண்டு. ஆகவே வேறு காரணம் தேடியாதல் வேண்டும்.

காரணமே தேட வேண்டியதில்லை, கவர்ச்சியே ஒரு நோய் என்றோரும் உளர்; அவர்கள் நமது முகாமைச் சேர்ந்தோர் என்பதால் அவர்களை மதித்துப் பதிலிறுத்தல் கடன். மாக்சிம் கோர்க்கி 1928இல் பிராவ்தாவிலே எழுதிய கட்டுரையொன்றில், இத்தாலியிலே தாம் வானொலியிற் கேட்ட ஜாஸ் நடன இசையைக் கொழுத்தவர்களின் இசை என்று தூற்றினார். அவர் கேட்டது எந்தக் குழுவோ, அவர் சினந்தது எந்த வர்க்கத்தின் கேளிக்கையையோ. அக்கட்டுரையின் சொற்கள் சோவியத் கலை அதிகாரிகளுக்குப் பல்லாண்டு ஆயுதமாயின. ஜெர்மானியச் சிந்தனையாளர் தியடோர் அடோர்னோ 1936இல் புனைபெயரில் எழுதியது இதனினும் கூர்மையானது. ஜாஸின் சுதந்திரம் போலிச் சுதந்திரம். தனியிசைக் கலைஞன் தாளத்தை மீறுவதுபோலப் பாவனை செய்து ஈற்றில் அத்தாளத்துக்கே கீழ்ப்படிகின்றான். அடியிலே ஒலிக்கும் அடிப்படைத் தாளம் ஒருபோதும் அசைவதில்லை. இது முதலாளித்துவத்தில் தனிமனிதன் அடையும் சுதந்திரத்தின் சரியான படிமம் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தில் உண்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அக்காலத்திய பெருங்குழு இசையிற் பெரும்பகுதி அவர் கூறிய வண்ணமே இருந்தது. கிளென் மில்லரின் மெருகேறிய உருப்படிகளிற் பல நமக்கு இன்று இனிப்புப் பண்டம் போலவே சுவைக்கின்றன; இரண்டாவது துண்டுக்குக் கை நீளுவதில்லை. ஆனால் அடோர்னோவின் தவறு, அடிப்படைத் தாளத்தை அதிகாரியின் கட்டளையாகக் கேட்டதே. அத்தாளம் வெளியிலிருந்து வருவதன்று. வாசிப்போர் கணந்தோறும் தமக்குள்ளே ஆக்கிக்கொள்வது. தொழிற்சாலை இயந்திரத்தின் தாளம் தொழிலாளி வந்தாலும் வராவிட்டாலும் ஓடும். பேசி குழுவின் தாளமோ வோல்ரர் பேஜ், ஜோ ஜோன்ஸ், பிரெடி கிரீன், பேசி ஆகிய நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் வரையிலேதான் உண்டு. கேட்டல் நின்றால் அதுவும் நிற்கும்.

பேசியின் குழு இவ்விடத்திலே தனித்து நோக்கத்தக்கது. கன்சாஸ் சிற்றியின் ரீனோ விடுதியிலே ஒன்பது பேரோடு வாசித்துக்கொண்டிருந்த குழு அது. அவர்களின் உருப்படிகளுட் பல எழுதப்பட்டவையல்ல. சக்சபோன் பிரிவில் ஒருவர் சிறு சுரத்தொடர் ஒன்றைத் தொடங்குவார். அயலிலிருப்பவர் அதை ஏற்று ஒத்திசைப்பார். ட்ரம்பெற் பிரிவு எதிர்மொழி கூறும். நாலைந்து இரவுகளில் அது உருப்படியாகிவிடும். 1937இல் இசைத்தட்டாக வந்து குழுவின் அடையாளமாகிய 'வன் ஓ குளொக் ஜம்ப்' அவ்வாறு பிறந்ததே. பலர் சேர்ந்து ஆக்கிய அதனை உரிமைப்பத்திரம் ஒருவர் பெயரிலேதான் பதிந்துகொள்ளும். பேசியின் பெயர் பதிந்தது. மில்லருக்குச் செல்வம் குவித்த 'இன் த மூட்' என்பதன் தலையாய சுரத்தொடர் 1930இல் விங்கி மனோன் வெளியிட்ட தட்டிலும் 1931இல் ஹென்டர்சன் குழுவின் தட்டிலும் ஏற்கெனவே உண்டு. பொதுச்சொத்தாகச் சுற்றிக்கொண்டிருந்ததை எவன் கடைசியாக வேலியடைத்தானோ அவனுக்கே விளைச்சல். காணி உரிமை பற்றிப் படித்தவர்க்கு இதில் வியப்பில்லை.

இப்போது பிரெடி கிரீன் என்பாரைப் பற்றி ஒரு வார்த்தை. 1937இல் பேசியின் குழுவிற் கிற்றார் வாசிக்கச் சேர்ந்தவர், 1950இல் ஏற்பட்ட சிறு இடைவெளி நீங்கலாக, 1987இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். ஐம்பது ஆண்டுகள் அடிக்கு ஒரு மீட்டலாக நான்கு அடிக்கு நான்கு மீட்டல். தனியிசை வாசித்தது அரிதிலும் அரிது. மின்விசைப் பெருக்கியை அவர் நாடவில்லை. அவருடைய கிற்றாரை மண்டபத்திற் கேட்பது கடினம். அது நின்றாலோ குழு முழுவதும் தரை இழந்ததுபோல் ஆகும். அதே குழுவின் முன்வரிசையில் லெஸ்ரர் யங் எழுந்து நின்று, வேறெவரும் எண்ணிப் பார்த்திராத ஒரு தனியிசையை இழுத்துச் செல்வார். கிரீன் இல்லையேல் யங் இல்லை என்பது ஒரு புறம். யங் எழும்போது கிரீன் அடிமையாகிவிடுவதில்லை என்பது மறுபுறம். தன்னை இழக்காமற் பலரோடு சேர்தல், பலரை அமுக்காமல் தனித்து நிற்றல் என்னும் இரண்டையும் ஒரே மூன்று நிமிடத்தில் இவ்விசை நிகழ்த்திக் காட்டுகின்றது. நமது சமுதாயங்கள் எவையும் இன்னும் தீர்க்காத பிரச்சினை அது. நாம் கனவு காணும் சமுதாயம் தீர்க்க வேண்டிய பிரச்சினையும் அதுவே. கிரேக்கக் கலை மனிதகுலத்தின் குழந்தைப் பருவமானால், சுவிங் இசை இன்னும் வாராத பருவமொன்றின் ஒத்திகை என்று கொள்ளலாமா? கொள்ளலாம் என்றே நாம் சாய்கின்றோம். அதன் கவர்ச்சி ஓயாமைக்கும் அது காரணமாகலாம். தீர்ந்துபோன பிரச்சினையன்றோ பழசாகும்.

இது மேடையோடு நின்ற காரியமன்று. நியூயோர்க் ஹார்லெமின் லெனொக்ஸ் வீதியில் 1926 மார்ச்சிற் திறக்கப்பட்ட சவோய் நடன மண்டபத்திலே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினர். ரோஸ்லாந்திலோ, எலிங்ரன் 1927 முதல் வாசித்த கொட்டன் கிளப்பிலோ அது நடவாது. சவோயில் இரண்டு மேடைகள். ஒரு குழு ஓய அடுத்த குழு தொடங்கும். 1937 மே 11ஆம் நாள் குட்மன் குழுவும் சிக் வெப் குழுவும் அங்கே மோதின. உள்ளே சுமார் 4,000 பேர். வெளியே மேலும் பல்லாயிரம் பேர் இடமின்றித் திரும்பினர். சிறுவயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயாற் கூனிய உடலோடு ட்ரம் முழக்கிய வெப்பே வென்றார் என்று ஆடியவர்கள் தீர்த்தனர். பத்திரிகை விமரிசகர் தீர்க்கவில்லை, ஆடியவர்கள் தீர்த்தனர் என்பது கவனித்தற்குரியது. அங்குள்ள ஆட்டக்காரர் குழுவின் இன்னொரு பிரிவு போன்றவர். கால்கள் தளர்ந்தால் குழு உருப்படியை மாற்றும். கால்கள் பறந்தால் இன்னொரு சுற்று நீளும். 1943 ஏப்ரலில் நகர அதிகாரிகள் ஒழுக்கக்கேட்டைக் காரணம் காட்டி சவோயை மூடினர். கலந்து ஆடுவதே உண்மைக் காரணம் என்று ஹார்லெம் மக்கள் கருதினர். ஒக்ரோபரில் அது மீண்டும் திறந்தது.

இவ்வளவு சொன்னபின், வடிவம் நல்லதாயின் பயனும் நல்லதாகும் என்று யாரேனும் எண்ணினால் அது பேதைமை. நாஜிகள் 1935 ஒக்ரோபரில் ஜெர்மன் வானொலியிலிருந்து ஜாஸை விலக்கினர். 1940 முதல் அதே இசையை வாசிக்க ஒரு குழுவைத் தாமே அமைத்து, பாடல்களுக்கு யூத வெறுப்பு வசனம் எழுதி ஆங்கிலேயருக்கு ஒலிபரப்பினர். குழு நன்றாகவே வாசித்தது. அதே வேளை ஹாம்பேர்க் நகரில் சுவிங் இசைக்கு ஆடிய இளைஞர் முந்நூறுக்கு மேற்பட்டோர் 1941 ஓகஸ்ற்றில் கைதாயினர்; தலைவர்களை வதைமுகாமுக்கு அனுப்புமாறு ஹிம்லர் 1942 ஜனவரியிற் கடிதம் எழுதினான். ரெரேசின் முகாமில் யூதக் கைதிகளின் சுவிங் குழு ஒன்று வாசித்தது. 1944இல் பிரசாரப் படம் எடுக்கப்பட்டு முடிந்ததும் அதன் உறுப்பினர் பலர் அவுஸ்விட்சுக்கு ஏற்றப்பட்டனர்.

நமது பக்கத்தையும் மறைத்தலாகாது. பேர்லினிற் பிறந்த யூத ட்ரம்பெற் கலைஞர் எடி ரோஸ்னர், நாஜிகளிடமிருந்து தப்பி சோவியத் எல்லைக்குள் வந்து, பெலரூஸ் குடியரசின் அரச ஜாஸ் குழுவை நடத்தினார். போர் முனையில் செஞ்சேனை வீரருக்கு வாசித்தார். 1946இல், போலந்துக்குச் செல்ல முயன்றபோது கைதாகிக் கொலிமாவின் பனிமுகாமுக்கு அனுப்பப்பட்டார், அங்கும் கைதிகளைக் கொண்டு குழு அமைத்தார், 1954இலேதான் விடுதலையானார். கோர்க்கியின் சொற்கள் அவரைச் சிறையிட்டன என்பது மிகையாகும். ஆனால் ஒரு கலையின் பிறப்பிடத்தை மட்டும் விசாரித்துத் தீர்ப்பளிக்கும் வழக்கம், தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரத்தோடு சேரும்போது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இடதுசாரிகள் இவ்விசையை வேறு வகையாகவும் நடத்தியுள்ளனர். 1938 டிசம்பர் 23ஆம் நாள் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில், தேவாலயப் பாட்டு முதற் சுவிங் வரை கறுப்பின மக்களின் இசையை வரிசையாக மேடையேற்றிய நிகழ்ச்சியை ஜோன் ஹமண்ட் ஒழுங்கு செய்தார். செல்வக் குடும்பத்தில் வந்த இவரே பேசியை வானொலியிற் கேட்டுக் கண்டறிந்தவர். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்க முன்வந்தது 'நியூ மாசஸ்' என்னும் கம்யூனிச வார இதழ். அழைக்க எண்ணியிருந்த றொபேர்ட் ஜோன்சன் என்ற மிசிசிப்பிப் பாடகர் சில மாதங்களுக்கு முன்னரே இறந்திருந்தமையால், அவரது இசைத்தட்டுகளை மேடையில் ஒலிக்கச் செய்தனர். இசையின் வேரையும் கிளையையும் ஒரே இரவில் காட்டி, யார் கொடுத்தது, யார் பெற்றது என்பதை நிறவெறி நிலவிய நாட்டிலே உரத்துக் கூறிய செயல் அது. நமது இரண்டாவது வினாவுக்கு விடை இத்திசையில்தான் உண்டு போலும். இன்பத்தைத் துறப்பதால் ஹென்டர்சனுக்கு ஒரு சதமும் சேராது. அவர் பெயரை அறியாமல் இன்புறுவது வேறு, அறிந்து இன்புறுவது வேறு. அறிந்தவர் காதுக்கு அவ்விசையே வேறாக ஒலிக்கின்றது. 1938இல் ஆர்ட்டி ஷோவின் வெள்ளையர் குழுவோடு பாடிய பிலி ஹொலிடே, நியூயோர்க் ஹோட்டலொன்றில் பொருள் ஏற்றும் மின்தூக்கியால் மேலே செல்லப் பணிக்கப்பட்டார் என்பதை அறிந்து அவர் குரலைக் கேட்போர், அக்குரலின் இலேசில் என்ன பாரம் தூக்கப்பட்டது என்பதைக் கேட்காமல் இருக்க முடியாது. மிசிசிப்பியின் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியில் 1937இல் தொடங்கிப் பின்னர் தனித்தியங்கிய 'சர்வதேச ஸ்வீற்ஹார்ட்ஸ்' என்ற பெண்கள் குழுவில் வெள்ளைப் பெண்களும் இருந்தனர். தென்மாநிலங்களில் ஒன்றாக மேடையேறுவது குற்றமாதலால் அவர்கள் முகத்துக்குக் கருஞ்சாயம் பூசிக்கொண்டு வாசித்தனர். பத்திரிகைகள் அவர்களை நல்ல வாத்தியக்காரர் என்று சொல்வதிலும் அழகிகள் என்று சொல்வதிலேயே அதிகம் ஆர்வம் காட்டின.

யுகம் ஓய்ந்த காரணங்களும் இவ்விசையின் இயல்பைத் தெளிவாக்குகின்றன. சேனைக்கு ஆட்கள் சென்றனர். பெற்றோலும் அரக்கும் பங்கீட்டுக்கு உட்பட்டன. 1942 ஓகஸ்ற் 1ஆம் நாள் பெற்றில்லோவின் தலைமையில் இசைக்கலைஞர் தொழிற்சங்கம் இசைத்தட்டுப் பதிவை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தது. இசைத்தட்டு ஒன்று ஒலிக்கும் இடத்திலெல்லாம் பதினைந்து பேருக்கு வேலை போகின்றது என்பது சங்கத்தின் வாதம். அது முற்றிலும் சரியான வாதம். டெக்கா 1943இலும் ஏனைய பெரு நிறுவனங்கள் 1944 நவம்பரிலும் பணிந்தன. வேலையற்ற கலைஞருக்கு உதவும் நிதிக்குத் தட்டுக்கு இவ்வளவென்று செலுத்தச் சம்மதித்தன. ஆயின் இடைப்பட்ட காலத்தில் சங்கத்திற் சேராத பாடகர் தனித்துப் பதிவு செய்து புகழ் பெற்றனர், குழு பின்தள்ளப்பட்டது. 1944இல் நடனத் தளமுள்ள விடுதிகள்மீது முதலில் 30 வீதமும் பின் 20 வீதமுமாக வரி விழுந்தது. 1946 இறுதியில் சில வாரங்களுக்குள் குட்மன், ரொமி டோர்சி, வூடி ஹேர்மன் முதலியோரின் குழுக்கள் கலைந்தன. பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுப்பது கட்டுபடியாகவில்லை. சந்தை தான் பெற்ற பிள்ளையைத் தானே கைவிட்டது. மக்களின் செவி கைவிடவில்லை.

எலிங்ரன் கலைக்கவில்லை. தம் பாடல்களால் வந்த வருவாயைக் கொட்டியே குழுவைக் காத்தார். 1963இல் அமெரிக்க அரசு அவர் குழுவை மேற்காசியாவுக்கும் தென்னாசியாவுக்கும் அனுப்பியபோது அது இலங்கைக்கும் வந்தது. அவ்வாண்டு பேமிங்ஹமில் கறுப்பினச் சிறுவர்மீது நாய்களையும் நீர்ப்பீச்சிகளையும் ஏவிய நாடு, தன் சுதந்திரத்துக்குச் சான்றாகக் கறுப்பின மேதை ஒருவரை நமக்குக் காட்டிற்று. பனிப்போர்க்காலப் பிரசாரம் என்று அதனை ஒதுக்கியோர் பிழை செய்தவரல்லர். ஆயினும் அனுப்பியவரின் நோக்கமும் வாசித்தவரின் இசையும் ஒன்றல்ல. கென்னடி கொல்லப்பட்டதால் அப்பயணம் இடையில் நின்றது. எலிங்ரனும் பில்லி ஸ்ட்ரேஹோர்னும் அதன் நினைவாக ஆக்கிய 'பார் ஈஸ்ற் சுவீற்' 1967இல் வெளிவந்தது.

சவோயின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவரான பிரங்கி மானிங், பெருங்குழுக்கள் மறைந்தபின் தபாற்கந்தோரிலே வேலைக்குச் சேர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தார். 1980களில் சுவீடனிலிருந்தும் அமெரிக்க நகரங்களிலிருந்தும் இளைஞர் அவரைத் தேடி வந்தனர். பழைய படச்சுருள்களிற் கண்ட ஆட்டத்தை அவரிடம் கற்க விரும்பினர். 2009இல் தொண்ணூற்று நான்காம் வயதில் இறக்கும் வரை அவர் உலகெங்கும் சென்று கற்பித்தார். ஆடவந்தவர் பெரும்பாலும் வெள்ளையர் என்பதும், ஹார்லெமின் பேரப்பிள்ளைகள் வேறு இசைகளை ஆக்கிக்கொண்டிருந்தனர் என்பதும் இவ்வியக்கத்துக்குள்ளேயே இன்று சூடாக விவாதிக்கப்படும் விடயங்கள். அவ்விவாதம் நடப்பது நன்று.

எலிங்ரனின் கையெழுத்துத் தாள்கள் 1988 முதல் சிமித்சோனியன் நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக வாசிப்பவரின் செல்லப்பெயரே பல இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றது. அவர் சக்சபோனுக்கு எழுதவில்லை. ஜொனி ஹொட்ஜஸுக்கு எழுதினார், ஹரி கார்னிக்கு எழுதினார். 1990களின் நடுப்பகுதி முதல் நியூயோர்க்கிலுள்ள லிங்கன் நிலையத்தின் ஜாஸ் பிரிவு இவ்வுருப்படிகளைப் படியெடுத்துப் பள்ளிக்கூடக் குழுக்களுக்கு வழங்கி வருகின்றது. ஹொட்ஜஸ் 1970இல் இறந்துவிட்டார். அவருக்கென்றே எழுதப்பட்ட பகுதியை இப்போது ஏதோவொரு ஊரிலே பள்ளிக்கூட மாணவி ஒருத்தி மடியில் வைத்துப் பார்க்கின்றாள். அவர் வாசித்ததுபோல வாசிக்க அவளால் இயலாது. ஆசிரியரும் அதைக் கேட்கவில்லை. அவளுக்கு இரு புறமும் நால்வர் காத்திருக்கின்றனர், பின்னே ட்ரம் தொடங்கிவிட்டது.